அடித்தட்டுக்குள் எழுதிய பெயர்

அக்டோபர் 9, திங்கள்

எட்டு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. போதும். இனி எழுதத்தான் போகிறேன்.

நேற்று லால்குடிப் பக்கம் ஒரு கிறிஸ்தவ ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை. மழையில் மேடை நனைந்திருந்ததாம். கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த ஆமோஸ் என்பவர் பாடுவதற்காக மைக்கில் உதடு வைத்த கணத்தில் விறைத்து நின்றிருக்கிறார். பாட்டில் உருகி நிற்கிறார் என்று நினைத்து நாலைந்து பேர் கை தட்டியிருக்கிறார்கள். மெயின் சுவிட்சை யாரோ இறக்கிய பிறகுதான் விழுந்தார். வயது முப்பத்து மூன்று. பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். பேப்பரில் ஐந்தாம் பக்கத்தில் செய்தி. புகைப்படத்தில் ஆம்ப்ளிஃபையரின் முகப்பு தெளிவாகத் தெரிகிறது: 'கிருபா டோன்'.

எனக்கு இதில் சந்தோஷம் இல்லை. ஆனால் ஆச்சரியமும் இல்லை.

கிருபாகரன் பத்தாவது படித்தவன். மைக் செட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தான். பழைய வால்வ் ஆம்ப்ளிஃபையர்கள், அதாவது டூரிங் டாக்கீஸிலும் கட்சிக் கூட்டத்திலும் குழாய் ஸ்பீக்கருக்குச் சத்தம் அனுப்பிய கனமான இரும்புப் பெட்டிகள், அப்போது எடைக்குப் போய்க்கொண்டிருந்தன. அவற்றைக் கிட்டாருக்கு ஏற்றபடி மாற்றலாம் என்பது என் யோசனை. பெட்டிகளை அவன் தேடிக்கொண்டு வந்தான். மாற்றியது நான். முகப்பில் பெயர்த் தகடு வைக்கும் நாள் வந்தபோது, "உங்க பேரு நீளம் சார், தகட்டுல அடங்காது" என்று சிரித்தான். அவன் பெயர் அடங்கியது.

அதனால் ஒவ்வொரு பெட்டியிலும் அடித்தட்டை மூடும் முன், உள்ளே, வெள்ளை எனாமலில் மெல்லிய பிரஷ்ஷால் எழுதினேன்: பா. நடனசபாபதி, எம்.எஸ்சி. யாரும் பார்க்காத இடம். பதினான்கு பெட்டிகள் அப்படி. அதன் பிறகு பிரிந்தோம். அவன் தனியாகச் செய்ய ஆரம்பித்தான். இன்று பெங்களூரில் இருந்து ஆட்கள் அவன் கடையைத் தேடி வருகிறார்கள்.

இது எனக்கு முதல் முறை அல்ல. கல்லூரியில் இயற்பியல் துறைத் தலைவர் பதவி எனக்கு வர வேண்டிய வருடம் என்னைப் பற்றி ஒரு மொட்டைக் கடிதம் போனது. முதல்வர் அதை நம்பினார். பதினாறு வருடம் அங்கே பாடம் நடத்தியவன் சொன்னதை நம்பவில்லை. வேலையை விட்டேன்.

மாவட்ட மெல்லிசைக் கலைஞர்கள் சங்கத்துக்கு எழுதப் போகிறேன். படிக்காதவன் செய்யும் ஆம்ப்ளிஃபையர் எவ்வளவு ஆபத்தானது என்று விளக்கமாக. கீழே பெயரும் பட்டமும் போட்டு, பதிவுத் தபாலில்.

அக்டோபர் 10, செவ்வாய்

மாவு அரைத்தேன். மனைவி வசுமதியின் குடைக்குக் கம்பி கட்டினேன். அவள் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போன பிறகு வீடு என்னுடையது.

மேசை மேல் துறையூர் சினிமாக் கொட்டகையில் இருந்து வந்த பெட்டி. கொட்டகையை இடித்துவிட்டார்கள். மைக் சொருகும் துவாரங்களை எடுத்துவிட்டு கிட்டார் ஜாக் வைத்தேன். பேச்சாளரின் குரல் உடையாமல் போக வேண்டும் என்று இதைக் கட்டியவர்கள் பாடுபட்டிருக்கிறார்கள். கிட்டார்காரர்களுக்கு அது உடைய வேண்டும், அந்தக் கரகரப்புக்காகத்தான் கேட்டு வருகிறார்கள். ஆகவே அவர்கள் பாடுபட்டதை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றுவதுதான் என் வேலை. டூ பின் வயரை எடுத்துவிட்டு த்ரீ பின் போட்டேன். மின்சாரம் உள்ளே வரும் இடத்தில் மற்றதெல்லாம் இருந்தபடியே.

சங்கத்துக்கான கடிதம் இரண்டு பக்கம் ஆயிற்று. நன்றாக வருகிறது.

அக்டோபர் 11, புதன்

மழை. துணி காயவில்லை.

அக்டோபர் 12, வியாழன்

சாயந்திரம் கிருபாகரன் வந்தான். மழைக்கோட்டோடு வாசலில் நின்றவனை வசுமதிதான் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். தலை நரைத்துவிட்டது.

"என்ன கிருபா, எட்டு வருஷம் கழிச்சு வழி தெரிஞ்சுதா?"

"வழி தெரியும் சார். வாசல்ல நிக்கத்தான் தைரியம் வரல."

"பெரிய ஆளாயிட்டே. பேப்பர்லகூடப் போட்டோ வருது."

அவன் அதற்குச் சிரிக்கவில்லை. வசுமதி கொடுத்த காபியைக் கீழே வைத்தான்.

"சார், அது ஏழாம் நம்பர்."

"எது?"

"ஆமோஸ் தம்பி வாசிச்சது. பின்னாடி தகட்டுல ஏழுன்னு பஞ்ச் அடிச்சிருக்கு. நம்ம ஆரம்பத்துல பண்ணது."

"நம்மன்னு சொல்லாதே. பேரு உன்னுது."

"சரி, என்னுதுதான்." சண்டைக்கு வந்தவன் போல அவன் பேசவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். "அந்தப் பதினாலுல ஒம்போதை நானே தேடிப் போய் கண்டென்சரை வெட்டிவிட்டுட்டேன் சார். ஏழு இப்பிடி ஆயிருச்சு. மீதி நாலு எங்க இருக்குன்னு தெரியல. யார் யாருக்குக் குடுத்தோம்னு எழுதின நோட்டு உங்ககிட்ட இருக்கு."

"அது கண்டென்சர் இல்ல. கெப்பாசிட்டர்."

"அதான் சார். அதை வெட்டணும்."

"எந்த நோட்டைச் சொல்றே?"

"பச்சை அட்டை போட்டது. நீங்க கிளம்பறப்ப எடுத்துட்டுப் போனீங்களே."

"அவ்வளவு அவசரம்னா எட்டு வருஷமா ஏன் கேக்கல?"

"கேட்டேனே சார். ரெண்டு லெட்டர் போட்டேன். போன் பண்ணேன், நீங்க வெச்சுட்டீங்க."

வசுமதி என்னைப் பார்த்தாள். பழைய பேப்பரோடு போயிருக்கும் என்று சொன்னேன்.

எழுந்தவன் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டே, "தேடிப் பாருங்க சார். ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழைதான். அப்புறம் கிறிஸ்மஸ். செருப்பைக் கழட்டிட்டு வெறுங்காலோடதான் சர்ச் மேடை ஏறுவாங்க" என்றான். காபி அப்படியே இருந்தது.

நோட்டு பீரோவில் இருக்கிறது, வசுமதியின் பட்டுப்புடவைகளுக்கு அடியில். பழைய பேப்பரோடு போக நான் விடவில்லை.

அக்டோபர் 13, வெள்ளி

இதைக் கணக்கோடு எழுதி வைக்க வேண்டும்.

அந்தக் காலப் பெட்டிகளில் மின்சாரக் கம்பி ஒன்றில் இருந்து இரும்புச் சட்டத்துக்கு, கட்டை விரல் அளவுக்கு ஒரு பழுப்பு நிறக் காகிதக் கெப்பாசிட்டர் போகும். உறுமல் சத்தத்தைக் குறைக்க வைத்தது. சட்டத்துக்கு வருவது கிட்டார் வயர் வழியே அதன் கம்பிகளுக்கும் போகும். அதன் வழியே எவ்வளவு மின்சாரம் சட்டத்துக்கு வரும்? இருநூற்று முப்பது வோல்ட், ஐம்பது ஹெர்ட்ஸ், அந்தக் கெப்பாசிட்டரின் அளவு, எல்லாம் போட்டால் முக்கால் மில்லி ஆம்பியர். எறும்பு கடித்தாற்போல இருக்கும். அதற்கு மேல் இல்லை. இன்று மறுபடி இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். கணக்கில் தவறே இல்லை.

கிருபா அந்த நாளிலேயே அதை வெட்ட வேண்டும் என்று நின்றான். ஏன் என்றால் சொல்லத் தெரியாது. "எங்கப்பா எந்தப் பழைய செட்டு வந்தாலும் முதல்ல கட்டிங் பிளையர எடுத்து அதை வெட்டிட்டுத்தான் வண்டியில ஏத்துவாரு." இதுதான் அவனுடைய இயற்பியல். நான் பொறுமையாகச் சொன்னேன்: நம் ஊர் மேடைகளில் பாதியில் எர்த் கிடையாது, சுவரில் மூன்றாவது ஓட்டை இருக்கும், உள்ளே கம்பி இருக்காது. இதையும் வெட்டினால் உறுமும், வாங்கினவன் திருப்பிக் கொண்டு வருவான்.

அதற்கு அவன் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. "எர்த் இல்லாத ஊர்லதான் சார் அதை வெட்டணும்."

தலைகீழான பேச்சு. அன்று கடையில் இருந்த இரண்டு கிட்டார்காரர்கள் அவன் சொன்னதற்குத் தலையாட்டினார்கள். என் முன்னால்.

அக்டோபர் 15, ஞாயிறு

வசுமதி மத்தியானம் வெளியே போய்விட்டு நாலு மணிக்கு வந்தாள். கை கால் கழுவி, நேராக என் எதிரே உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரில பாத்துட்டு வந்தேன்."

"யாரை?"

"யாரைன்னு உங்களுக்குத் தெரியும். அவரோட வீட்டம்மா நான் யாருன்னு கேட்டாங்க. தெரிஞ்சவங்கன்னு மட்டும் சொன்னேன். ஆரஞ்சு வாங்கிட்டுப் போனேன், அந்த மனுஷன் வாயில குழாய். எனக்கே வெக்கமாப் போச்சு."

நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

"இடது கையில நாலு விரல்லயும் கோடு கோடா சுட்டிருக்கு. கிட்டார்க் கம்பி. சின்னப் பொண்ணு அதை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கு." ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, "நோட்டைக் குடுத்துருங்க" என்றாள்.

"எந்த நோட்டு?"

"என் புடவைக்குக் கீழ இருக்கறது. எட்டு வருஷமா அதைத் தூக்கித் தூக்கிப் புடவை அடுக்கறது நான்தாங்க."

அவளுக்கு இதெல்லாம் புரியாது. நோட்டைக் கொடுப்பது என்றால் ஒப்புக்கொள்வது என்று அர்த்தம். அவன் எதற்கு வந்தான் என்று நினைக்கிறாள்?

அக்டோபர் 16, திங்கள்

மேசை இழுப்பறையில் அதே வகைக் கெப்பாசிட்டர்கள் ஆறு கிடக்கின்றன, பழைய பெட்டிகளில் இருந்து பல சமயம் எடுத்தவை. ஆறையும் மல்டிமீட்டரில் சோதித்தேன். கசிவு ஒன்றில்கூட இல்லை. ஐம்பது வருடப் பொருள், புதிது போல இருக்கிறது. வசுமதியிடம் சொன்னேன். ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

அக்டோபர் 18, புதன்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். அவள் பலகாரம் செய்யவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 20, வெள்ளி

சங்கத்துக்கு எழுதுவது என்றால் நேரில் பார்த்துவிட்டு எழுதுவதுதான் முறை. பஸ் பிடித்து அந்த ஆலயத்துக்குப் போனேன். பெட்டியைப் பின்னால் ஒரு சாமான் அறையில் வைத்திருக்கிறார்கள். போலீஸார் ஒரு காகிதத்தில் எழுதி மேலே ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், எடுத்துப் போக இன்னும் வண்டி வரவில்லையாம். ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் வேதமாணிக்கம் என்ற பெரியவர் சாவியோடு வந்தார்.

"சங்கத்துலேருந்து வர்றேன். உள்ள ஒரு தடவை பாக்கணும்."

"பாருங்க சார். பிளக்க மட்டும் சொருகிறாதீங்க, எனக்கு ரிடையராக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

மேடைக்குப் பக்கத்து பிளக் துவாரத்தை முதலில் பார்த்தேன். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் எர்த் கம்பி இல்லை; பெட்டியில் கசிவது தரைக்குப் போக வழி இல்லை. பிறகு பெட்டியைக் கவிழ்த்து ஆறு திருகுகளைக் கழற்றினேன். அடித்தட்டு வந்தது.

கெப்பாசிட்டர் அதன் இடத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் வீங்கி மெழுகு வழிந்திருக்கிறது. அதன் ஒரு கம்பிக் கால் பாதியில் வெட்டுப்பட்டது. வெட்டின பிளையரின் பல் அடையாளம் தெரிகிறது. வெட்டின இடத்தில் ஒரு துண்டுக் கம்பி சேர்த்து நீட்டி, மறுபடி பற்றவைத்து, மேலே மஞ்சள் உறை போட்டிருக்கிறது. சுத்தமான வேலை. ஈயம் கம்பியை ஒட்டி, பளபளப்பாக. கிருபா பற்றவைத்தால் எப்போதும் உருண்டையாக, சாம்பல் பூத்து நிற்கும்.

வேதமாணிக்கம் என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏதோ பேரு எழுதியிருக்குதே சார்." கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்துக் கூட்டினார். "நடன... சபாபதி. எம்மெஸ்ஸி. யாரு சார் இவரு?"

"தெரியலீங்க."

"படிச்சவரு பாத்த பெட்டிதான் போல. அப்பவும் இப்பிடி ஆயிருச்சு பாருங்க."

"ஆமா."

அவர் மூக்கை உறிஞ்சினார். "பெயிண்ட் வேலையும் செய்வீங்களா? தின்னர் வாசனை அடிக்குது."

பையில் பாட்டில் கசிந்திருக்கிறது. துணியெல்லாம் நனைந்துவிட்டது. எதற்கோ எடுத்துப் போனது. அவர் ஒரு நிமிஷம்கூட அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. திருகுகளை மறுபடி முடுக்கினேன். ஆறாவது திருகு கீழே விழுந்து உருண்டது, அவர்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

அக்டோபர் 21, சனி

தலைவலி. சங்கத்துக்கான கடிதம் நாலாம் பக்கத்தில் நிற்கிறது.

அக்டோபர் 23, திங்கள்

மல்டிமீட்டர் ஒன்பது வோல்ட்டில் சோதிக்கிறது. சுவரில் இருப்பது இருநூற்று முப்பது. இரண்டாம் ஆண்டு மாணவன் இப்படிச் சோதித்திருந்தால் ரெக்கார்டு நோட்டை முகத்தில் எறிந்திருப்பேன்.

பதினைந்து வாட் பல்பு ஒன்றைத் தொடராக வைத்து, இழுப்பறையில் இருந்த ஆறையும் ஒவ்வொன்றாக நேரடி மின்சாரத்தில் கோத்துப் பார்த்தேன். ஐந்தில் பல்பு இருட்டாகவே இருந்தது. ஆறாவதிலும் அப்படித்தான். சாதம் வடிக்க எழுந்து போனேன். திரும்பி வந்தபோது பல்பின் இழை சிவந்திருந்தது. நின்று பார்த்தேன். கெப்பாசிட்டர் சூடாகச் சூடாக மஞ்சளாகி, பிறகு முழு வெளிச்சம், அதாவது தடையே இல்லாமல் மின்சாரம் போகிறது. சுவிட்சை அணைத்த பிறகும் அது என் கையில் சுட்டது.

முக்கால் மில்லி ஆம்பியர் என்பது நல்ல கெப்பாசிட்டருக்கான கணக்கு. கணக்கில் தவறு இல்லை.

அக்டோபர் 25, புதன்

ஆமோஸ் நேற்று விடியற்காலை இறந்துவிட்டார். வசுமதி விடுப்பு எடுத்துக்கொண்டு அடக்கத்துக்குப் போனாள். என்னைக் கூப்பிடவில்லை. நான் துறையூர்ப் பெட்டிக்கு வால்வ் மாற்றினேன், ஒன்றைக் கீழே போட்டு உடைத்தேன்.

ஐந்து மணிக்கு அவளோடு கிருபாவும் வந்தான். வெள்ளைச் சட்டை, பேன்ட்டில் முழங்கால் வரை சேறு. உள்ளே வரவில்லை, கதவுக்கு வெளியே நின்றான்.

"முடிஞ்சுது சார்."

"ம்."

"ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டேன்."

"என்னன்னு?"

"நான்தான் பண்ணேன், நான்தான் பூட்டினேன்னு. முன்னாடி என் பேருதானே இருக்கு. அதுக்குத்தானே சார் பேரு போடறது."

"உள்ள திறந்து பார்த்தா..." என்று ஆரம்பித்தேன்.

"அவங்க திறக்க மாட்டாங்க. திறந்தாலும் பழைய மெக்கானிக் யாரோ எழுதினதுன்னு சொல்லிக்கறேன்."

"உன்னைப் பிடிச்சு உள்ள வெச்சா?"

"வெக்கட்டும் சார். அதுக்கு முன்னாடி அந்த நாலையும் பாத்துட்டா போதும்." முதல் முறையாக அவன் குரல் உயர்ந்தது. "எனக்கு உங்க பேரு வேணாம் சார். அந்த நாலு பேரோட பேரு வேணும். அவ்வளவுதான்."

"தேடிட்டிருக்கேன்."

அவன் வசுமதியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். "தேடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். மூன்று உதையில்தான் கிளம்பியது.

அக்டோபர் 26, வியாழன்

நோட்டை எடுத்துப் பார்த்தேன். பட்டுப்புடவை வாசனை ஏறியிருக்கிறது.

ஏழாம் எண்ணின் பக்கத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது: "ரிப்பேருக்குத் திரும்பி வந்தபோது கி. கெப்பாசிட்டரை வெட்டிவிட்டான். மறுபடி வைத்தேன். இனி என் வேலையில் கை வைக்காதே என்று எல்லோர் முன்னாலும் சொல்லியாயிற்று." அதற்கு அடுத்த வாரம் பிரிந்தோம்.

அந்தத் தாளை மட்டும் கிழித்துவிட்டு மற்றதைக் கொடுக்கலாம் என்று பார்த்தேன். தையல் போட்ட நோட்டு. அதைக் கிழித்தால் மறுபாதியில் இருக்கும் தாளும் கையோடு வரும். அதில் பதினோராம் எண் இருக்கிறது. அவன் தேடும் நாலில் ஒன்று.

அக்டோபர் 28, சனி

நாலு பேருக்கும் நானே போன் செய்து சொல்லிவிட்டால் யாருக்கும் எதையும் கொடுக்க வேண்டியதில்லை. நோட்டில் இருப்பவை எல்லாம் அந்தக் காலத்து வீட்டு நம்பர்கள். திண்டுக்கல்லும் காரைக்காலும் உபயோகத்தில் இல்லை. கும்பகோணம் மணி அடித்தது.

"ஹலோ, கிட்டார் கிளாஸ் எடுக்கிற லாரன்ஸ் மாஸ்டர் இருக்காரா?"

"இது பியூட்டி பார்லர்ங்க. யாருக்கு, மணப்பொண்ணுக்கா?"

"இல்லம்மா. முன்னாடி அங்க ஒரு மாஸ்டர் இருந்தார்..."

"அதெல்லாம் தெரியாதுங்க. மேக்கப் பண்ணணும்னா சொல்லுங்க, ஐப்பசி முகூர்த்தம், டேட் கிடைக்காது."

நாலாவது ஆளுக்கு நம்பரே இல்லை. "மணப்பாறை தாமஸ், கறுப்பு கிட்டார்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். கிருபாவுக்கு முகம் தெரிந்த ஆள், அதனால் அதற்கு மேல் எழுதவில்லை.

அக்டோபர் 29, ஞாயிறு

காலை முதல் மழை. எட்டரை மணிக்கு எங்கோ ஆராதனை ஆரம்பித்து, ஸ்பீக்கரில் கிட்டார் கேட்டது. யாருடைய பெட்டி என்று தெரியாது. பாட்டு முடியும்வரை ஜன்னலருகே நின்றேன். அடுத்த பாட்டு ஆரம்பித்தது.

துறையூர்ப் பெட்டியில் இருந்ததை வெட்டிவிட்டேன்.

அக்டோபர் 30, திங்கள்

சங்கத்துக்கு எழுதிய நாலு பக்கத்தையும் படித்துப் பார்த்தேன். நல்ல நடை. ஒரு பிழை இல்லை. 'படிக்காதவன்' என்ற சொல் ஒன்பது இடத்தில் வருகிறது. தாள்களின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதிலேயே எழுதினேன், நாலு பிரதி, அச்செழுத்து போலப் பிரித்துப் பிரித்து. பிறகு அதையும் கிழித்துவிட்டுப் புதுத் தாளில் எழுதினேன். முன்பக்கத்துக் கையெழுத்து என்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எழுதியது இது:

"உங்களிடம் 'கிருபா டோன்' ஆம்ப்ளிஃபையர் ஒன்று இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கி ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். பிறகு தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து அடித்தட்டைக் கழற்றச் சொல்லுங்கள். மின்சாரக் கம்பி உள்ளே நுழையும் இடத்தில், கட்டை விரல் அளவில் பழுப்பு நிறத்தில் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். மைக் செட்காரர்கள் கண்டென்சர் என்பார்கள். அதை வெட்டி எடுத்துவிடச் சொல்லுங்கள். உங்கள் மேடையில் எர்த் இல்லையென்றால் கட்டாயம் வெட்ட வேண்டும். இதே போன்ற பெட்டியால் லால்குடியில் ஒருவர் இறந்துவிட்டார். உறுமல் கொஞ்சம் கூடும். பரவாயில்லை."

எர்த் இல்லையென்றால் கட்டாயம் வெட்ட வேண்டும் என்பது அவனுடைய வாக்கியம். எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன். கோடு போட்டு அடிக்கவில்லை.

திண்டுக்கல், காரைக்கால், கும்பகோணம் மூன்றுக்கும் நோட்டில் இருந்த முகவரிகளை எழுதினேன். அந்த வீடுகளில் இப்போது யார் இருக்கிறார்களோ. மணப்பாறைக்கு எழுத முகவரி இல்லாததால், நாலு பெயரையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, நாலாவது பிரதியோடு கிருபாவின் கடை முகவரிக்கு ஒரு கவர். பன்னிரண்டாம் தேதி அவன் வந்து கேட்டபோதே இதைக் கொடுத்திருந்தால் இந்நேரம் நாலு ஊருக்கும் போய் வந்திருப்பான். நோட்டு மட்டும் மறுபடி பீரோவுக்குப் போயிற்று.

சாயந்திரம் வசுமதி ஒட்டாமல் வைத்திருந்த கவர் ஒன்றை எடுத்துப் படித்தாள்.

"பேரு போடலியா?"

"வேணாம்."

"மொட்டைக் கடுதாசியை யாருங்க நம்புவாங்க?"

"எங்க காலேஜ்ல நம்பினாங்களே."

அவள் இன்னொரு முறை படித்தாள். "பழுப்பா கட்டை விரல் அளவுல உள்ள ஒண்ணுதான் இருக்குமா? மாத்தி வேற எதையாவது வெட்டிட்டா?"

நியாயமான கேள்வி. அந்தப் பெட்டிக்குள் அதே நிறத்தில், அதே பருமனில் ஏழெட்டு இருக்கும். பார்க்கிற எலெக்ட்ரீஷியன் வால்வ் காலத்துக்குப் பிறகு பிறந்தவனாக இருப்பான். இடது, வலது என்று சொன்னால் பெட்டிக்குப் பெட்டி மாறும். பதினான்கிலும் ஒரே மாதிரி இருக்கும் அடையாளம் ஒன்றுதான். எங்கே வைத்தாலும் அந்தக் கெப்பாசிட்டருக்கு மேலே காலியாக இருக்கும் இரும்பில்தான் நான் எழுதுவேன். அங்கேதான் இடம் அகலமாக இருந்தது.

பேனாவை எடுத்து நாலு பிரதியிலும் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்.

"உள்ளே வெள்ளை எனாமலில் ஒரு பெயர் எழுதியிருக்கும். அந்தப் பெயருக்கு நேர் கீழே இருப்பதுதான்."

வசுமதி அதையும் படித்தாள். கவரை அவளே நாக்கில் ஈரம் தொட்டு ஒட்டினாள்.

அந்த வரிக்குக் கீழே வேறு எதுவும் எழுதவில்லை. கையெழுத்து இல்லாமலே நாளை காலை ஏழு மணித் தபாலில் போடுகிறேன்.